பால்சாவா, ஃபோமா: மீஞ்சூர் வயலுக்கு எந்த விமானம்?

இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒரு மீட்டர். மூக்கில் மின்சார மோட்டார், கையில் ரேடியோ கன்ட்ரோல். இப்படியொரு சிறிய விமானத்தைக் கிட்டாக வாங்கித் தானே கட்டிப் பறக்கவிட நினைப்பவருக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு பெட்டியில் லேசரில் வெட்டிய பால்சா மரத் தகடுகள், சதுரக் குச்சிகள், முழு அளவில் அச்சிட்ட வரைபடம், போர்த்துவதற்குச் சூட்டில் சுருங்கும் ஃபிலிம். இன்னொரு பெட்டியில் ஃபோம் போர்டு தாள்கள் மட்டும். மடிக்க வேண்டிய இடங்களில் பாதி ஆழத்துக்குக் கீறிவைத்திருப்பார்கள். முன்னது பல வார மாலைகளைக் கேட்கும். பின்னதைச் சனிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு காலை பறக்கவிடலாம்.

இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய பெரியவர்கள் பலருக்குப் பால்சாதான் விமானம். ஃபோம் பிள்ளைகள் விளையாட்டு. புதிதாக வருகிறவர்களோ பால்சாவைப் பழங்காலப் பொறுமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எந்தக் காற்றில், எந்தத் தரையில், எந்தப் பருவத்தில் பறக்கப்போகிறது என்ற கேள்வியை இரு தரப்பும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை மீஞ்சூருக்காகக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்த ஒப்பீடு.

மீஞ்சூர் இதற்கு ஏற்ற ஊர்தான், எச்சரிக்கை கேட்கும் ஊரும்தான். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் பாதைக்குக் கிழக்கே வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. மேற்கிலும் வடக்கிலும் பொன்னேரி வரை நெல் வயல்கள், ஏரிகள். மின் நிலையங்களிலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகள் வயல்களுக்கு மேலே கோபுரம் கோபுரமாகப் போகின்றன. தென்மேற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. பின்னாளில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்த இடம் அது. ஆனால் நம் குட்டி விமானத்துக்குக் கான்கிரீட் ஓடுதளம் கிடைக்காது. தை, மாசியில் சம்பா அறுத்த பிறகு கிடைக்கும் தாள் வயலும், கோடையில் வற்றிய ஏரிப் படுகையும்தான் அதன் விமான நிலையம்.

இரு கிட்களுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிட வேண்டும். விமானத்தின் உயிர் இரண்டிலும் ஒன்றே. 2212 என்று குறிக்கப்படும் பிரஷ்லெஸ் மோட்டார் சுமார் 50 கிராம். அந்த எண்ணில் 22 என்பது உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் விட்டம், 12 அதன் உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. சுமார் 25 கிராம். 11.1 வோல்ட், 1300 மில்லி ஆம்பியர் லிப்போ பேட்டரி 110 கிராம் அளவில். வாலிலும் இறக்கையிலும் உள்ள திருப்புத் தகடுகளை அசைக்க, ஒவ்வொன்றும் 9 கிராம் எடையுள்ள இரண்டு மூன்று சர்வோக்கள், ஒரு ரிசீவர், புரொப்பல்லர். எல்லாம் சேர்ந்து கால் கிலோ. அந்த பேட்டரியில் அடங்கியிருப்பது 14 வாட்-மணிக்குச் சற்று மேல். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து, சராசரி 70 வாட் செலவழித்தால் ஒன்பது பத்து நிமிடம் பறக்கலாம்.

செலவில் பெரும்பகுதி இந்தக் கால் கிலோவில்தான் போகிறது. மரமோ ஃபோமோ மேலே போர்த்தும் உடல், அதை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஃப்ளைட் டெஸ்ட் குழுவினர் தங்கள் ஃபோம் போர்டு வடிவங்களில் மோட்டாரை ஒரு சிறு பெட்டியோடு கழற்றி அடுத்த விமானத்தில் பொருத்தும்படி வடிவமைத்தார்கள். பல வரைபடங்களை இலவசமாகவும் கொடுத்தார்கள். ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு ஐந்து விமானம் கட்டலாம் என்ற எண்ணம் ஃபோம் பரவியதற்கு ஒரு பெரிய காரணம்.

ஃபோம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? விடை பேட்டரியின் வரலாற்றில் இருக்கிறது. ரேடியோவில் இயங்கிய மின்சார மாதிரி விமானத்தின் முதல் அதிகாரபூர்வப் பதிவு 1957 ஜூன் 30. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் ‘ரேடியோ குயின்’ என்ற தம் விமானத்தை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் மின்சாரப் பறப்பு சிலருடைய பிடிவாதமாகவே இருந்தது. நிக்கல்-காட்மியம் பேட்டரி கனம். பிரஷ் மோட்டாரின் திறன் குறைவு. அந்தக் கனத்தைச் சுமக்க உடல் இறகாக இருந்தாக வேண்டும். பால்சாவைத் தவிர வேறெதுவும் சரிப்படாது. 2000-க்குப் பிறகு லிப்போவும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அதே எடைக்கு இரண்டு மூன்று மடங்கு ஆற்றல் வந்தது. அப்போதுதான் உடலில் நூறு இருநூறு கிராம் கூடினாலும் பறக்கும் என்ற சலுகை கிடைத்தது. ஃபோம் அந்தச் சலுகையின் பிள்ளை. இதை நினைவில் வைத்தால், பால்சாக்காரர்கள் எடையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பது புரியும். அவர்கள் சலுகை இல்லாத காலத்தில் கற்றவர்கள்.

நம் நாட்டில் அந்தக் காலம் இன்னும் கடினமானது. கல்கத்தாவில் தயாரான அரோரா எஞ்சின்களில் ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளை ஊற்றி, என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பால்சா மாதிரிகளைக் கம்பியில் கட்டிச் சுற்றவிட்டார்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. உடைந்தால் ஒட்டுவதே பாடு. இன்று மின்சார மோட்டார் அந்தத் தொல்லையை முழுக்க நீக்கிவிட்டது. ரேடியோவும் மாறியது. முன்பு ஒரே அலைவரிசையில் இருவர் சுவிட்ச் போட்டால் ஒரு விமானம் விழும். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் தமக்குள் இணைந்துகொள்கின்றன. இந்தியாவில் அந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-ல் வழி பிறந்தது.

இனி மரத்துக்கு வருவோம். பால்சா பெரும்பாலும் எக்வடாரிலிருந்து வருகிறது. மாதிரி விமானத்துக்கு ஏற்ற பால்சா ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ. தண்ணீரோ 1000 கிலோ. ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு தகடுகளே எடையில் ஒன்றுக்கொன்று ஒன்றரை மடங்கு வேறுபடலாம். ஆகவே பால்சா கிட்டைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒட்டுவது அல்ல, நிறுப்பது. சமையலறைத் தராசு போதும். கனமான தகட்டையும் குச்சியையும் மூக்குப் பக்கத்துக்கு ஒதுக்க வேண்டும், இலேசானவை வாலுக்கு. வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் மூன்று கிராம் ஏற்ற வேண்டியிருக்கும். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது. மரத்தின் ரேகையையும் பார்க்க வேண்டும். நீளவாக்கில் நேர்ரேகையோடு வெட்டிய தகடு எளிதாக வளையும். இறக்கையின் முன்விளிம்பைப் போர்த்த அது உதவும். மீன் செதில் மாதிரிப் புள்ளி மின்னும் தகடு வளையாது. இறக்கைக்கு வளைவைத் தரும் குறுக்கு விலா எலும்பான ரிப் வெட்டுவதற்கு அதுதான். லேசர் வெட்டிய கிட்டில் இந்தத் தேர்வைத் தயாரிப்பாளர் ஏற்கெனவே செய்திருப்பார், சிலர் செய்திருக்கவும் மாட்டார்கள்.

கட்டும் முறையும் மனத்தில் பதியக்கூடியது. சாஃப்ட் போர்டின் மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, இறக்கையின் நீளத்துக்கு ஓடும் குச்சியான கீழ் ஸ்பாரைக் குண்டூசியால் நிறுத்தி, ரிப்களை ஒவ்வொன்றாகச் செங்குத்தாக நிற்கவைத்து, மேல் ஸ்பாரை வைப்பது. இரு ஸ்பார்களுக்கும் நடுவே ரேகை செங்குத்தாக இருக்கும்படி சிறு துண்டுகளை ஒட்டும்போது, தொட்டால் நெளிந்துகொண்டிருந்த இறக்கை திடீரென்று விறைக்கிறது. மேலே அமுக்கமும் கீழே இழுவிசையும் வந்தால் அவற்றை இணைக்கும் அந்தச் சின்னத் துண்டுகள் நழுவலைத் தாங்குகின்றன. ஐ வடிவ உத்தரம் ஏன் அப்படி இருக்கிறது என்று கல்லூரியில் கால் வருடம் படிப்பதை இங்கே விரலே கற்றுக்கொள்கிறது. பிறகு உப்புத்தாள். பிறகு ஃபிலிம். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து விளிம்புகளை ஒட்டிவிட்டு, சூட்டைக் கூட்டினால் ஃபிலிம் சுருங்கி இறுகும். இறக்கை முறுகியிருந்தால், எதிர்ப்புறம் முறுக்கிப் பிடித்துக்கொண்டே சூடு காட்டி நேராக்கலாம். நுனிகளில் பின்விளிம்பு கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும்படி வேண்டுமென்றே முறுக்குவதும் உண்டு. வேகம் குறையும்போது நுனி முதலில் மிதப்பை இழந்து விமானம் ஒரு பக்கமாகக் கவிழாமல் அது காக்கும்.

ஃபோம் வேலையில் இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. அங்கே வேகமும் துணிச்சலும்தான். கீறிய கோட்டில் மடித்து, உள்ளே ஹாட் குளூ இழுத்து, ஸ்கேலால் அமுக்கி, ஒரு நிமிடம் பிடித்திருந்தால் பெட்டி போன்ற உடல் தயார். இறக்கையும் அப்படியே: நடுவில் ஃபோம் பட்டையை ஸ்பாராக ஒட்டி மேல்தாளை அதன் மேல் வளைத்து மடிப்பது. இணைப்புக் கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் போதும். இங்கே பலர் சறுக்குவது பொருள் வாங்குவதில். விளம்பரப் பலகை செய்யும் கடையில் கேட்டால் சன் போர்டு என்று ஒன்றைக் கொடுப்பார்கள். அது பி.வி.சி.; 5 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ அளவில் வரும். நம் இறக்கையின் மேலும் கீழுமாக 0.34 சதுர மீட்டர். இறக்கை மட்டுமே 850 கிராம் ஆகிவிடும். பறக்கவே பறக்காது. கேட்க வேண்டியது இருபுறமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு, அதிலும் கையில் தூக்கிப் பார்த்து இலேசானது. கொலுவுக்கும் மேடை அலங்காரத்துக்கும் வாங்கும் தெர்மாகோல் இன்னும் இலேசு, கன மீட்டருக்கு 15, 20 கிலோதான். ஆனால் மணி மணியாக உதிரும், தனியாகத் தாங்காது. பசையிலும் கவனம் வேண்டும். பால்சாவை நொடியில் பிடிக்கும் ஃபெவிக்விக் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். ஸ்பிரே பெயின்ட்டும் அப்படித்தான். மோட்டார் பொருத்தும் பிளைவுட் துண்டுக்கு இரண்டிலும் அரால்டைட் நம்பகமானது.

பார்வைக்கு இரண்டு இறக்கைகளும் ஒப்பிடவே முடியாதவை. பால்சா ரிப், 1922-ல் வெர்ஜினியஸ் கிளார்க் வரைந்த கிளார்க் ஒய் போன்ற ஒரு வளைவை அச்சு அசலாகக் கொடுக்கிறது. ஃபோமின் வளைவு மடிப்பில் தானாக விழுந்தது. சில வடிவங்களில் மேல்தளம் பாதியில் படிபோல் இறங்கிவிடும். அந்தப் படி வடிவத்துக்கு 1972-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர்கள் கிளைன், ஃபோகிள்மன்; கிளைன் அதைக் கண்டது காகித விமானம் மடிக்கும்போது. இவ்வளவு முரட்டு வடிவம் எப்படிப் பறக்கிறது? சிறிய அளவும் மெதுவான வேகமும்தான் காரணம். 17 சென்டிமீட்டர் அகல இறக்கை நொடிக்கு 9 மீட்டரில் போகும்போது, அளவையும் வேகத்தையும் காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிடும் ரேனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்தை ஒட்டியே இருக்கும். ஆள் ஏறிப் பறக்கும் செஸ்னா 172-க்கு அது அரைக் கோடியைத் தாண்டும். அந்தக் குறைந்த எண்ணில் காற்று பிசுபிசுப்பாக நடந்துகொள்கிறது. பெரிய விமானத்தில் பெரும் பலன் தரும் நுட்பமான வளைவு இங்கே அதே விகிதத்தில் பலன் தருவதில்லை. ஆகவே வடிவத்தில் பால்சா பெறும் வெற்றி உண்மைதான், ஆனால் பெட்டியின் மேலிருக்கும் படம் காட்டும் அளவுக்குப் பெரியதல்ல.

எடையில்தான் உண்மையான வித்தியாசம். மின்சாதனங்கள் 250 கிராம் என்றோம். கவனமாகக் கட்டிய பால்சா உடல் இன்னொரு 250 கிராமில் முடியும். நம் கடைகளில் கிடைக்கும் ஃபோம் போர்டில் அது 450-ஐத் தொடும், ஹாட் குளூ தாராளமாகப் போனால் இன்னும் கூடும். ஒன்று 500 கிராம், மற்றது 700 கிராம் என்று வைத்துக்கொண்டு, 0.17 சதுர மீட்டர் இறக்கைக்குக் கணக்குப் போட்டால், பால்சா வேகம் மணிக்கு 24 கிலோமீட்டராகக் குறையும்வரை மிதக்கும். ஃபோம் 29-க்குக் கீழே போனால் விழும். ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம் சிறிது என்று தோன்றலாம். தரையைத் தொடும்போது சுமந்துவரும் ஆற்றலைப் பார்த்தால் ஃபோமுக்கு ஏறக்குறைய இருமடங்கு. எடை ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால் எடை கூடினால் இறங்கும் வேகமும் சேர்ந்து கூடுவதால் ஆற்றல் எடையின் வர்க்கமாக ஏறுகிறது.

இதே கணக்கை மீஞ்சூர்க் காற்றில் வைத்துப் பார்த்தால் முடிவு புரள்கிறது. கடல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோடையில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது சாதாரணம். 24-ல் மிதக்கக்கூடிய பால்சா விமானத்தை எதிர்காற்றில் நிறுத்தினால் நின்ற இடத்திலேயே அசையும். திருப்பினால் பறித்துக்கொண்டு ஓடும். கனமான ஃபோம் அதே காற்றைக் கிழித்துத் திரும்பி வரும். ஆடி மாத மேல்காற்றில் இரண்டையும் பெட்டியில் வைத்திருப்பதே நல்லது. மார்கழி, தை மாதக் காலைகளில் ஏழு முதல் ஒன்பதுவரை காற்று ஏறக்குறைய நிற்கிறது. அப்போது பால்சா விமானம் மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்து இறங்கும் விதத்தைப் பார்த்தவர்கள் ஏன் சிலர் இதற்காக ஆயுளைக் கொடுக்கிறார்கள் என்று கேட்கமாட்டார்கள். எனக்கு அந்தக் காலைகள்தான் முக்கியம். ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு வருடத்தில் அப்படிப்பட்ட காலைகள் போதுமான அளவு கிடைப்பதில்லை.

ஈரம் இன்னொரு நடுவர். பால்சா காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும். ஐப்பசியில் நேராக இருந்த இறக்கை பங்குனியில் முறுகியிருக்கும், ஃபிலிம் தொளதொளவென்று சுருக்கம் விட்டிருக்கும். பெரிய விமானமே இதில் பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் மாஸ்கிட்டோ விமானத்தின் உடல், பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா வைத்து ஒட்டியது. 1944 இறுதியில் இந்தியாவில் அடுத்தடுத்துச் சில மாஸ்கிட்டோக்கள் விழவே, எல்லாவற்றையும் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். வெயிலும் மழைக்கால ஈரமும் கேசீன் பசையைப் பிளந்துவிட்டன என்பது முதல் சந்தேகம்; பின்னர் நடந்த விசாரணையில் தொழிற்சாலையில் ஒட்டும்போதே நேர்ந்த குறைகளும் வெளிவந்தன. ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். நம் விஷயத்துக்கு இதில் பாடம் உண்டு: மரத்தைவிட இணைப்புதான் முதலில் தோற்கும், இணைப்பை இறுக்கமாகப் பொருத்தி ஒட்டியிருந்தால் ஈரம் அவ்வளவு கெடுதல் செய்யாது.

ஃபோமுக்கு ஈரம் ஆகாது என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஃபோமுக்கு ஆகும். ஃபோம் போர்டின் காகிதத்துக்குத்தான் ஆகாது. பனி படிந்த வயலில் இரண்டு முறை வயிறு தேய இறங்கினால் அடிக்காகிதம் உப்பிப் பிரிந்துவிடும். காகிதம் போனால் பலமும் போனது. அடிப்பக்கம் முழுக்க அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டிவிடுவது எளிய பாதுகாப்பு. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கருப்பு வண்ண ஃபோம் விமானத்தை விட்டுவைத்தாலும் இறக்கை தொய்ந்துவிடும்.

தரை என்று வரும்போது எனக்குத் தயக்கமே இல்லை. தாள் வயலில் சக்கரம் உருளாது. வரப்பில் பட்டால் சக்கரக் கம்பி அடிப்பாகத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். கையால் எறிந்து கிளப்பி வயிற்றால் இறக்குவதுதான் இங்கே வழி. கற்கிறவர் கை முதல் சில மாதங்களில் விமானத்தைப் பலமுறை தரையில் குத்தத்தான் செய்யும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிப்போவது எல்லோருக்கும் நேர்வது. குத்தினால் ஃபோம் நசுங்குகிறது. நசுங்குவதே ஆற்றலை விழுங்கும் வழி. வயலோரத்திலேயே பார்பிக்யூ குச்சி இரண்டைச் செருகி டேப் சுற்றிவிட்டு மறுபடி எறியலாம். பால்சா நசுங்காது, முறியும். ஸ்பார் முறிந்தால் ஃபிலிமைக் கிழித்து, முறிந்த இடத்தைச் சாய்வாக வெட்டி, அதே சாய்வில் புதுத் துண்டை இணைத்து, இருபுறமும் தாங்கல் ஒட்டி, தேய்த்து, மறுபடி போர்த்த வேண்டும். ஒரு வாரம் போய்விடும். அந்த ஒரு வாரத்தில் கை கற்றதை மறக்கிறது. அதைவிடக் கெடுதல், பல மாலைகள் செலவழித்ததைக் குத்திவிடுவோமோ என்ற பயத்தில் ஆள் ஒவ்வொரு முறையும் பாதி மனத்தோடு பறக்கிறார். பயந்த கை ஸ்டிக்கை இறுகப் பிடிக்கும், இறுகிய கை விமானத்தை ஆட்டும். மீஞ்சூரில் முதல் விமானம் ஃபோமாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது விலைக்காக அல்ல, இதற்காகத்தான்.

இரண்டுக்கும் சட்டம் ஒன்றே. 2021 ஆகஸ்ட் 25-ல் வெளியான ட்ரோன் விதிகள் நாலு விசிறி ட்ரோனை மட்டும் குறிப்பவை அல்ல. இறக்கை வைத்த விமானமும் அவற்றுக்குள் வருகிறது. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நம் இரு விமானங்களும் மைக்ரோ. வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடுவதற்குப் பைலட் உரிமம் கேட்பதில்லை. கண் பார்வைக்குள் பறக்கும் பொழுதுபோக்கு மாதிரிகளுக்கு வகைச் சான்றும் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கிறோம் என்பது முக்கியம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலமா என்று பார்க்காமல் மீஞ்சூரில் யாரும் பேட்டரியை இணைக்கக் கூடாது; துறைமுகமும் மின் நிலையமும் பக்கத்தில் இருக்கும் பகுதி இது. கோபுரக் கம்பிகளுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பது நல்லது. கம்பியில் விமானம் சிக்கிவிட்டால் அது போனதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். கழி எடுத்துக்கொண்டு ஏறுவது உயிரோடு விளையாடுவது. பழவேற்காட்டில் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் ஏரிப் பக்கம் போகவே கூடாது.

இங்கே ஒரு கிளைச் செய்தி, பால்சா பிடிக்கும் எனக்கே உறைத்தது. தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழியில் சுழல்வது போன்ற காற்றாலை இறக்கைகளின் உள்ளீட்டுக்கும் பால்சா பயன்படுகிறது. 2020-ல் சீனாவில் காற்றாலைகள் பெருகியபோது எக்வடார் காடுகளில் பால்சாவை வெட்டித் தள்ளினார்கள், விலை ஏறியது. காற்றாலைத் தயாரிப்பாளர்கள் மாற்றாக எடுத்துக்கொண்டது பி.இ.டி. ஃபோம். நம் மேஜையில் நடக்கும் இந்தப் பால்சா-ஃபோம் வழக்கு, அறுபது எழுபது மீட்டர் நீள இறக்கைகளிலும் நடக்கிறது. அங்கேயும் மரம் முழுதாகத் தோற்றுவிடவில்லை; அழுத்தம் மிகுந்த இடத்தில் இன்னும் அதை வைக்கிறார்கள்.

அப்படியானால் பால்சாவை யார் கட்ட வேண்டும்? பறக்கக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் என்பேன். ஃபோம் விமானம் பறப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறது. ஏன் பறக்கிறது, எங்கே உடையும், ஒரு கிராம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அது மடிப்புக்குள் மறைத்துவிடுகிறது. அதைக் கற்கும் ஆர்வத்துக்கு இங்கே குறைவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு 2018-ல் நடிகர் அஜித் குமார் ஆலோசகரானபோது அவருடைய ரேடியோ விமான ஆர்வம் ஊரறிந்த செய்தியானது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாஸ்த்ரா விழாவில் போயிங் மாதிரி விமானப் போட்டியின் மண்டலச் சுற்றுகள் நடக்கின்றன. ஆனால் கல்லூரிக்குப் போகும் முன்பே, பொன்னேரி, மீஞ்சூர் பள்ளிப் பிள்ளைகள் கையில் தமிழில் விளக்கம் அச்சிட்ட ஒரு பால்சா கிட் வர வேண்டும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் லேசரில் மரம் வெட்டிக் கொடுக்கிறார்கள். ரிப் வெட்டுவது அந்த இயந்திரத்துக்குப் பெரிய வேலையே அல்ல.

இரண்டில் எது என்று இன்னும் முடிவுக்கு வராதவர்கள் சொந்தமாகவே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ரப்பர் பேண்டால் கட்டும் இறக்கை அதற்கு இடம் கொடுக்கிறது. ஃபோம் உடல் ஒன்று போதும். அதற்கு ஒரே நீள அகலத்தில் ஃபோம் இறக்கை ஒன்றும் பால்சா இறக்கை ஒன்றும் செய்துகொள்ளலாம். மோட்டாரும் பேட்டரியும் வாலும் அதே. ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கில் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். காற்றில்லாத ஒரு மார்கழிக் காலையில், ஒரே உயரத்தில் மோட்டாரை அணைத்து, தரை தொடும்வரை நேரம் குறிக்க வேண்டும். முதலில் இறக்கைகளை உள்ளபடியே மாட்டிப் பார்க்கலாம். பால்சா நிச்சயம் அதிக நேரம் நிற்கும். அடுத்து, பால்சா இறக்கையின் நடுவில், ஈர்ப்பு மையம் நகராதபடி நாணயங்களை டேப்பால் ஒட்டி, ஃபோம் இறக்கையின் எடைக்குக் கொண்டுவந்து மறுபடி பறக்கவிட வேண்டும். முதல் வித்தியாசத்தில் எவ்வளவு இப்போது மறைகிறதோ அவ்வளவும் எடை செய்தது. அதன் பிறகும் மிஞ்சுகிற நொடிகள்தான் ரிப்பின் வளைவு சம்பாதித்தவை.